முதல் வரியில் இருக்கும் பெயர்

2003 ஜூலையில் தமிழ்நாடு அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மாநிலம் முழுக்க எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றது அது. அப்போது சென்னையில் வீடு வைத்திருந்தவர்களுக்கு அந்த மாதங்கள் மறந்திருக்காது. முதலில் ஆகஸ்ட் 31 கெடு. பிறகு அக்டோபர் வரை நீட்டித்தார்கள். பிளம்பர் கிடைப்பதே அரிதானது. மொட்டைமாடித் தண்ணீரைக் கீழே இறக்கக் குழாய் மாட்டி, குழி வெட்டி, ஜல்லியும் மணலும் கொட்டி மூடினார்கள். செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்பார்கள் என்ற பயம் ஊரெங்கும் இருந்தது. அந்தப் பயம்தான் வேலையை முடித்தது.

சட்டத்தை எடுத்து வாசித்தவர்கள் குறைவு. வாசித்தால், அதன் முதல் உட்பிரிவில் வீட்டுக்காரரைக் காணோம். அரசுக்குச் சொந்தமான, அரசு பயன்படுத்துகிற ஒவ்வொரு கட்டடத்திலும், சட்டத்தால் அமைந்த வாரியங்களின் கட்டடங்களிலும், அரசின் நிறுவனங்கள் நடத்தும் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பை அந்தந்த அரசு அமைப்பே செய்தாக வேண்டும் என்றுதான் அது தொடங்குகிறது. வீட்டுக்காரர் அடுத்த உட்பிரிவில்தான் வருகிறார். கடமையை அடுக்கும்போது அரசு தன்னைத்தான் முதலில் நிறுத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு வருகின்றன தண்டனைகள். கட்டாதவர் வீட்டில் அதிகாரியே ஆள் வைத்துக் கட்டிவிட்டுச் செலவை வரி பாக்கிபோல வசூலிக்கலாம். குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம். இங்கே சட்டம் பேசுவது கட்டடத்தின் உரிமையாளரோடும் குடியிருப்பவரோடும். அரசு அலுவலகம் கட்டத் தவறினால் யார் வந்து கட்டுவார்கள், செலவை யாரிடம் வசூலிப்பார்கள், எந்த இணைப்பைத் துண்டிப்பார்கள்? அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதல் ஆளாக நிற்பவருக்குக் கடமை உண்டு, கேள்வி கேட்க ஆள் கிடையாது. தமிழ்நாட்டின் தண்ணீர்ச் சட்டங்கள் பலவற்றில் இதே அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சென்னைத் திருவல்லிக்கேணிக்குத்தான் வர வேண்டும்.

அலுவலகங்கள் சூழ்ந்த ஊர்

பார்த்தசாரதி சுவாமி கோயில் வாசலில் இருக்கும் கைரவிணி தீர்த்தம் இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பு. குளத்தைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் விழும் மழை மாநகராட்சியின் வடிகாலுக்குள் போகிறது. திருவல்லிக்கேணி மாநகராட்சியின் தேனாம்பேட்டை மண்டலத்தைச் சேர்ந்தது. வீட்டுக்குள் வரும் குழாய்த் தண்ணீரும், நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீருக்கான அனுமதியும் மெட்ரோ வாட்டர் என்னும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் கையில். அதன் தலைமை அலுவலகம் கூவத்தைத் தாண்டினால் சிந்தாதிரிப்பேட்டை பம்பிங் ஸ்டேஷன் சாலையில் இருக்கிறது. கிழக்கே நகர்ந்தால் பக்கிங்காம் கால்வாய். அதற்குப் பொறுப்பான நீர்வளத் துறையின் தலைமையகம் சேப்பாக்கம் பொதுப்பணித் துறை வளாகத்திலேயே, நவாபின் பழைய அரண்மனைக்குப் பக்கத்தில். கால்வாய்க்கு மேலே ஓடும் பறக்கும் ரயில் ரயில்வேயுடையது. பக்கத்திலேயே எழிலகத்தில், நிலத்தின் கணக்கை வைத்திருக்கும் வருவாய் நிர்வாகம்.

இரண்டு கிலோமீட்டர் நடைக்குள் மாநிலத்துத் தண்ணீரின் சொந்தக்காரர், காவல்காரர், விற்பனையாளர், அனுமதி தருபவர் எல்லோரும் இருக்கிறார்கள். அதே இரண்டு கிலோமீட்டருக்குள் ஒண்டிக்குடித்தனங்களில் எட்டு வீட்டுக்கு ஓர் அடிபம்பு இருக்கிறது. தனியாட்கள் தங்கும் மேன்ஷன் அறைகளில் பக்கெட் கணக்கில் குளிக்கிறார்கள். அயோத்திக்குப்பத்திலும் நடுக்குப்பத்திலும் லாரி எப்போது வரும் என்று குடங்களை வரிசையாக வைக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர் மழைநீர்க் குழி வெட்ட நினைத்தாலும் முடியாது. கடமை உரிமையாளருக்கு, கஷ்டம் வாடகைதாரருக்கு. திருவல்லிக்கேணியில் பாதிப் பேர் வாடகை வீட்டிலும் மேன்ஷனிலும் இருப்பவர்கள் என்று சொன்னால் அங்கே வாழ்ந்த எவரும் மறுக்க மாட்டார்கள்.

மணலும் உப்பும்

கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஓர் ஊரில் கிணற்றுத் தண்ணீர் எப்படி இனிக்கும்? திருவல்லிக்கேணிக்குக் கீழே இருப்பது மணல். மழை விழுந்தால் மணல் அதை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்கிறது. உள்ளே போன நன்னீர், கடலிலிருந்து ஊறி வந்திருக்கும் உப்பு நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நன்னீர் லேசு, உப்புநீர் கனம். அந்தக் கன வித்தியாசம் சின்னது. அதனால் ஒரு கணக்கு பிறக்கிறது: நிலத்தடியில் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரம் நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரைக்கும் நன்னீர் தாங்கும். மேலே ஓரடி குறைந்தால், கீழே உப்பு 40 அடி மேலேறத் தொடங்கும்.

கடலோர ஊர்களின் தண்ணீர்ச் சட்டம் முழுதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்க வேண்டும். ஒரு தெருவில் ஒருவர் ஆழமாக போர் போட்டு இரவு பகலாக மோட்டார் ஓட்டினால் அவர் கிணறு மட்டும் உப்பாவதில்லை. பக்கத்து வீட்டு அடிபம்பும் கரிக்கும். ஏறிய உப்பு நாலு மழையில் இறங்கிவிடாது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் விவசாயத்துக்கும் நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்குமாகப் பல பத்தாண்டுகள் இறைத்ததில் கடல்நீர் நிலத்துக்குள் கிலோமீட்டர் கணக்கில் புகுந்துவிட்டது. அங்கே நிலம் கெட்டதைப் பார்த்த பிறகுதான் நகரத்துக்குப் புத்தி வந்தது.

அந்தப் புத்திதான் 1987ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம். கிணறு வெட்ட அனுமதி, வீட்டு உபயோகத்தைத் தாண்டி இறைக்க உரிமம், லாரியில் ஏற்றிக் கொண்டுபோக உரிமம் என்று மூன்று வாசல்களையும் அடைத்தது. நிலத்தடி நீரைக் காக்க இந்தியாவில் வந்த ஆரம்பகாலச் சட்டங்களில் இதுவும் ஒன்று. அதற்கு முன்பு நிலைமை வேறு. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, வரையறுத்த தடத்தில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்வது நிலத்துக்காரரின் உரிமை. மனைக்குச் சொந்தக்காரர் என்றால் பாதாளம் வரை சொந்தக்காரர். அந்த எண்ணத்துக்கு 1987 சட்டம் முதல் அணை போட்டது. அதற்கு மரியாதை செய்தாக வேண்டும்.

ஆனால் நகருக்குள் அனுமதி தருகிற அதிகாரம் யாரிடம் போனது? மெட்ரோ வாட்டரிடம். அதே மெட்ரோ வாட்டர்தான் நிலத்தடி நீரை இறைக்கும் பெரிய கை. பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், மீஞ்சூர், பூண்டி என்று ஆரணி, கொசஸ்தலை ஆறுகளின் படுகையில் அதன் கிணற்று வயல்கள் இருக்கின்றன. அவை போதாத வருஷங்களில் திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளின் கிணற்றுத் தண்ணீரையும் விலைக்கு வாங்கிக் குழாயில் ஏற்றியது. நெல் விளைவித்த கிணறு நகரத்துக்குத் தண்ணீர் விற்றது. பக்கத்து வயல்காரர் கிணறு வற்றியதும் ஊருக்குள் சண்டை. நகரத்தின் தாகத்தைத் தீர்ப்பது வாரியத்தின் கடமை. 1978ஆம் ஆண்டின் சட்டம் அதற்காகவே அந்த வாரியத்தை உண்டாக்கியது. நிலத்தடி நீரைக் காப்பதும் அதே வாரியத்தின் கடமை. வறட்சி வரும் வருஷத்தில் இந்த இரண்டு கடமைகளும் முட்டிக்கொள்கின்றன. முட்டும்போது காப்பது தோற்கிறது. தாகம் வாசலில் வந்து கத்துகிறது, நிலத்தடி நீருக்கு வாய் இல்லை. இதை அதிகாரிகளின் மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. ஒரே நாற்காலியில் இரண்டு பேரை உட்காரவைத்தது சட்டம்.

நகருக்கு வெளியே கதை இன்னும் மோசம். மாநிலம் முழுமைக்குமான நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைச் சட்டம் ஒன்று 2003ல் நிறைவேறியது. சரியாக நடைமுறைக்கே வராமல் 2013ல் அதை ரத்து செய்துவிட்டார்கள். அந்த இடத்தை இன்றுவரை அரசாணைகள்தான் நிரப்புகின்றன. 2014 ஜூலையில் வந்த பொதுப்பணித் துறையின் 142ஆம் எண் அரசாணை அவற்றில் முக்கியமானது. 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம் அந்த அரசாணை செல்லும் என்றும், வணிகத்துக்காக நிலத்தடி நீர் எடுப்பவர்கள் உரிய அனுமதி பெற்றே தீர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். கேன் வாட்டர்காரர்களும் லாரிக்காரர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கடுத்த வருஷம்தான் 2019.

நகரத்துக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் சேர்ந்து 11 டி.எம்.சி. கொள்ளும். 2019 ஜூனில் நான்கும் வெறும் தரை. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அமைச்சர்கள் போய் வரவேற்றார்கள். திருவல்லிக்கேணி மெஸ்களில் சாப்பாட்டு நேரம் குறைந்தது, மேன்ஷன்களில் குளிப்பதற்கு நேரம் குறித்தார்கள். நகரம் ஒரு நாளைக்குக் குடிப்பதில் அந்த ரயில் எத்தனையில் ஒரு பங்கு என்று யாரும் கேட்கும் மனநிலையில் இல்லை.

சேப்பாக்கத்துக் கூரைகள்

கூரைக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். பத்தாயிரம் சதுர அடிக் கூரை ஒன்றில் ஒரு வருஷத்தில் விழுவது சுமார் 13 லட்சம் லிட்டர். ஆவியானதும் வழிந்ததும் போக ஐந்தில் நாலு பங்கு கைக்கு வந்தால்கூட 10 லட்சம் லிட்டருக்கு மேல். ஒன்பதாயிரம் லிட்டர் லாரியில் ஏற்றினால் 115 லாரி. ஒரே ஒரு கூரைக்கு.

திருவல்லிக்கேணியில் சந்து வீடுகளின் கூரைகளைவிடப் பெரிய கூரைகள் யாருடையவை? எழிலகம், பொதுப்பணித் துறை வளாகம், பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, கஸ்தூர்பா காந்தி தாய்-சேய் மருத்துவமனை, காவல் நிலையங்கள், மாநகராட்சிப் பள்ளிகள். பெரும்பாலும் அரசின் கூரைகள். சுற்றிலும் காலி இடம் உள்ள வளாகங்களும் இவைதான். ஒண்டிக்குடித்தன வீட்டில் முற்றம்கூட மிச்சமில்லை. குழி வெட்டச் சொன்னால் எங்கே வெட்டுவது? ஆகவே சட்டம் அரசை முதலில் எழுதியது சும்மா மரியாதைக்கு இல்லை. மழை எங்கே விழுகிறதோ அங்கே கடமையை வைத்தது. அந்த வளாகங்களில் 2003ல் அமைத்தவை எத்தனை இன்று மண் அடைக்காமல் இருக்கின்றன என்பதைத் திருவல்லிக்கேணிக்காரர் தெரிந்துகொள்ள ஒரு பலகைகூட வாசலில் இல்லை. மழைநீர்க் குழி அமைத்தவுடன் கடமை முடியாது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போட வேண்டும். மூன்று நாலு வருஷம் விட்டால் அது வெறும் சாக்கடை மூடி. இதை டாக்டர் சேகர் ராகவன் போன்றவர்கள் தொண்ணூறுகளிலிருந்து வீடு வீடாகப் போய்ச் சொல்லிவருகிறார்கள். அவர் முயற்சியில் உருவான மழை மையம் 2002ல் திறக்கப்பட்டது. அவசரச் சட்டத்துக்கு ஒரு வருஷம் முன்பே.

மாநகராட்சி வடிகால்களின் சங்கதியும் இதோடு சேர்ந்தது. வெள்ளத்துக்குப் பயந்து கான்கிரீட் வடிகால் கட்டுகிறோம். வடிகால் இல்லாவிட்டால் தெருவில் முழங்கால் தண்ணீர். கட்டினால் மணலுக்குள் போக வேண்டிய மழை நேரே கால்வாய்க்கும் கடலுக்கும். களிமண் ஊருக்கு ஏற்ற வடிகால் மணல் ஊருக்குப் பொருந்தாது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருப்பவர்கள் கோவளம் படுகை வடிகால் திட்டத்தை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது இந்தக் காரணத்துக்காகத்தான். திருவல்லிக்கேணியும் அதே மணல்.

கால்வாயில் நிற்கும் தூண்கள்

1876ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னைக்கு வந்து குவிந்த பசித்த ஜனங்களுக்கு வேலை கொடுக்க, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே கால்வாய் வெட்டினார்கள். திருவல்லிக்கேணியைத் தொட்டு ஓடும் பக்கிங்காம் கால்வாய் அந்தப் பகுதிதான். கூலிக்குத் தானியம் வாங்கியவர்கள் தோண்டிய தடம் அது. உப்பும் விறகும் படகில் போன தடம், வெள்ளக் காலத்தில் நகரத்து நீரை வடித்த தடம்.

1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், ஆறு, ஓடை, ஏரி, கால்வாய், நின்ற நீர், ஓடும் நீர் எல்லாம் அரசின் சொத்து என்று அறிவித்தது. ஆக்கிரமித்தவரை அப்புறப்படுத்தும் அதிகாரத்தையும் அதே சட்டம் தந்தது. தொண்ணூறு வருஷம் கழித்து, 1995ல், கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. 1997ல் திருமயிலை வரை நீண்டது. அதன் தூண்கள் கால்வாயின் படுகையிலேயே இறங்கியிருக்கின்றன. நிலையங்கள் கால்வாயின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. கால்வாய்க்கரைக் குடிசைகள் ஆக்கிரமிப்பு என்ற பெயரில் அகற்றப்பட்டு, அங்கிருந்தவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். தூண்களுக்கு அந்தப் பெயர் ஒருபோதும் வரவில்லை. ரயில் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. லட்சக்கணக்கானோருக்கு அது உதவுகிறது. ஆனால் கால்வாயின் சொந்தக்காரரான அரசு இசைந்து, இன்னொரு அரசு அமைப்பு தடத்தை அடைக்கும்போது, தடத்தின் சார்பில் பேசச் சட்டத்தில் ஒருவரும் இல்லை.

சென்னையின் நீர்நிலைகள் மறைந்த கதையில் தனியாரைவிட அரசின் கை பெரிது. மாம்பலம் நெடிய ஏரியை வற்றவைத்துத்தான் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரியின் இடத்தில் வள்ளுவர் கோட்டம். முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் கட்டிய குடியிருப்புக்குப் பெயரே ஏரித் திட்டம். பள்ளிக்கரணைச் சதுப்பில் நகரத்துக் குப்பையைப் பல பத்தாண்டுகளாகக் கொட்டியது மாநகராட்சி. அதே சதுப்பு 2022ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. 2005ல் எல்.கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், இயற்கை நீர்நிலைகளைக் கண்டறிந்து ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்னது. அதையொட்டி 2007ல் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பார்வையில் ஏரி என்பது பொதுப்பணித் துறையின் பொறுப்பில் உள்ளது மட்டுமே. கோயில் குளத்துக்கும் பஞ்சாயத்துக் குட்டைக்கும் அது குடை பிடிக்காது.

தர்மகர்த்தா

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தண்ணீர், மின்சாரத் துறை, 1940ல் முறைப்படி உரிமம் வாங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த மோனோ ஏரிக்குப் போகும் ஓடைகளை 1941லிருந்து நகரத்துக்குத் திருப்பியது. ஏரி வற்றிக்கொண்டே வந்தது. பறவைகள் குஞ்சு பொரித்த தீவுக்கு நரிகள் நடந்து போகும் அளவுக்கு. பறவை ஆர்வலர்கள் வழக்குப் போட்டார்கள். 1983ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், அரசு கொடுத்த உரிமம் என்றாலும், பொதுமக்களுக்காக அரசு காக்க வேண்டிய நீர்நிலை பாழாகும்போது அந்த உரிமத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும் என்றது. 1994ல் அம்மாநிலத் தண்ணீர் வாரியம் ஏரியின் மட்டத்தை 6,392 அடிக்கு உயர்த்தச் சொல்லி, நகரம் எடுக்கும் அளவைக் கட்டுப்படுத்தியது. ஓர் அரசு அமைப்பை இன்னொரு அரசு அமைப்பு அளவுகோல் வைத்து நிறுத்திய வழக்கு அது. எண் குறித்தார்கள் என்பதுதான் எனக்கு அதில் முக்கியம்.

அந்த மோனோ ஏரித் தீர்ப்பை 1996 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் எம்.சி.மேத்தா - கமல்நாத் வழக்கில் எடுத்துச் சொன்னது. பியாஸ் ஆற்றங்கரை பற்றிய வழக்கு அது. ஆறு, கடற்கரை, காடு எல்லாவற்றுக்கும் அரசு காப்பாளர் மட்டுமே, மக்கள்தான் பயனாளிகள் என்று நீதிபதி குல்தீப் சிங் எழுதினார். திருவல்லிக்கேணிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோயில் நகைக்குத் தர்மகர்த்தா எப்படியோ அப்படி: பெட்டிச் சாவி அவரிடம் இருக்கும், நகை அவருடையதாகாது, வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும். 1905 சட்டத்தின் 'அரசின் சொத்து' என்ற வார்த்தையை இனி அந்தப் பொருளில்தான் வாசிக்க முடியும். கேரளத்தில், குளிர்பான ஆலை ஒன்று தண்ணீர் இறைத்தது பற்றிய பிளாச்சிமடா வழக்கில் 2003ல் தனி நீதிபதி நிலத்தடி நீருக்கும் இதையே நீட்டினார்; 2005ல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. நிலத்துக்குக் கீழே இன்னும் 1882ஆம் ஆண்டுச் சட்டம்தான் உயிரோடிருக்கிறது.

தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். சட்டசபை மனம் வைத்தால் மூன்று வரிகள் போதும்: அரசுக் கட்டடங்களின் மழைநீர் அமைப்புகளை வெளியார் தணிக்கை செய்ய வேண்டும்; நிலத்தடி நீருக்கு அனுமதி தரும் அதிகாரம் தண்ணீர் இறைக்கும் வாரியத்திடம் இருக்கக் கூடாது; நீர்த்தடத்தில் கட்டும் அரசுத் திட்டத்துக்கும் தனியாருக்குப் போலவே காரணம் எழுதிய ஆணை வேண்டும்.

அதுவரை கையில் இருப்பது தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டிய விண்ணப்பத்துக்கு 30 நாளில் பதில் தர வேண்டும். தேனாம்பேட்டை மண்டலத்தில் எந்தெந்த அரசுக் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறது, கடைசியாக எந்தத் தேதியில் தூர்வாரினார்கள், யாருக்கு எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று மாநகராட்சியிடமும் பொதுப்பணித் துறையிடமும் கேட்கலாம். திருவல்லிக்கேணியில் லாரிக்கும் ஆழ்குழாய்க்கும் எத்தனை உரிமம் தந்திருக்கிறார்கள் என்று மெட்ரோ வாட்டரிடம் கேட்கலாம். கைரவிணிக்கு மாட வீதி மழையைத் திருப்பத் திட்டம் உண்டா என்று அறநிலையத் துறையிடம் கேட்கலாம். பதில் வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகஸ்ட் முதல் வாரம் மனு போட்டால், தூர்வார ஒரு மாதம் மிச்சமிருக்கும்போது பதில் கைக்கு வந்துவிடும்.